பொட்டு வைத்த லேப்டாப்

தேவயானி வீட்டு லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லை என்பது தெருவில் முதலில் கொளஞ்சிக்குத்தான் தெரியும். எதிர்வீட்டுக்காரி. ஜன்னலைத் திறந்தால் மற்றவர்களுக்குக் காற்று வரும். கொளஞ்சிக்கு எதிர்வீட்டுப் பேச்சு வரும். 2013 தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். "ஐயையோ, நீலமாப் பூடுச்சுங்க! ஜல்தி வாங்களேன்!" என்று தேவயானி போட்ட சத்தம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. யாரோ எதையோ குடித்துவிட்டார்கள் என்று கொளஞ்சி பிசைந்துகொண்டிருந்த கேப்பை மாவுக் கையோடு ஓடினாள். போய்ப் பார்த்தால் நீலமாகியிருந்தது கம்ப்யூட்டர். திரை முழுக்க நீலம், அதில் வெள்ளை வெள்ளையாக இங்கிலீசு எழுத்து. அவ்வளவு தூரம் ஓடி வந்ததற்குக் கொளஞ்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இதுக்கா இப்டிக் கத்துன? ஊட்டுக்காரரே மெக்கானிக்கு. ஒனக்கின்னா கவல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதுதான் தேவயானியின் நினைப்பும். நமக்கென்ன கவலை.

சொட்டுநீர்க் குழாய் போடும் கம்பெனி ஒன்றின் விழுப்புரம் கிளையில் அவளுக்கு வேலை. விவசாயியின் கொல்லையை (அந்தப் பக்கம் நிலத்துக்குப் பேர் அதுதான்) அளந்து, மெயின் குழாய் எங்கே, கிளைக் குழாய் எங்கே, வால்வு எத்தனை என்று லேப்டாப்பில் வரைந்து கொடுக்க வேண்டும். கெடார், முகையூர், மண்டகப்பட்டு என்று ஊர் ஊராக ஸ்கூட்டியில் போவாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, கொல்லைக்காரர் கண்ணெதிரிலேயே வரைந்து காட்டுவாள். "எங் கொல்லையா இது? மேலேர்ந்து பாத்தா இப்டியா கீது?" என்று ஆளுக்காள் எட்டிப் பார்ப்பார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை, அதை வெளியில் காட்டமாட்டாள். வெளியில் காட்டிய பெருமை வேறு.

கம்பெனியில் மற்றவர்களின் லேப்டாப் கெட்டால் சென்னைக்கு அனுப்பவேண்டும், வர பத்து நாள் ஆகும். அவளுடையது போகாது. பாண்டி ரோட்டில் போர்டு வைத்திருக்கும் 'வெற்றி கம்ப்யூட்டர் சர்வீஸ்' கடைக்குத்தான் போகும். வெற்றி என்பது வெற்றிச்செல்வன், அவள் புருஷன். "எங்க ஊட்டுக்காரரு பாக்காத சிஸ்டமா சார்" என்று அவள் அடிக்கடி சொல்லிச் சொல்லி, மேனேஜர் முருகையனே அவள் வாயைத் திறக்குமுன் அதைச் சொல்லிவிடுவார்.

வெற்றிச்செல்வனைப் பற்றியும் தப்பாகச் சொல்லக்கூடாது. கைதேர்ந்தவன். மூன்று கடைக்காரர்கள் கைவிட்ட பெட்டியை இரண்டு இருமல் இருமுவதற்குள் எழுப்பிவிடுவான். பெண்டாட்டி வேலைக்குப் போவதிலும் அவனுக்கு ஒரு முணுமுணுப்பும் கிடையாது என்றுதான் தெரு நினைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை கம்பெனி ஆள் ஒருத்தன் கடைக்கு வந்து, "தேவயானி மேடம் ஊட்டுக்காரரு கடை இதானுங்களே?" என்று கேட்டான். பக்கத்து டீக்கடை அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து டீ கேட்டால், "மேடம் ஊட்டுக்காரருக்கு ஒரு ஸ்ட்ராங்!" என்றுதான் குரல் போகும். வெற்றிச்செல்வன் சிரிப்பான். எல்லாரோடும் சேர்ந்து, எல்லாரையும்விட ஒரு நொடி அதிகமாகச் சிரிப்பான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவன் கடையைக் கழுவித் துடைத்து, கருவிகளையெல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தான். தேவயானி சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். ஸ்க்ரூடிரைவர், தூசி ஊதும் மெஷின், சால்டரிங் கம்பி, கத்தரிக்கோல் என்று ஒன்றையும் விடவில்லை. அவளுடைய லேப்டாப் அடிப்பக்கம் திறந்து கிடந்தது, தூசி தட்டுவதற்காக. மூடிக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதாதா? அவளுக்குப் போதவில்லை. உள்ளே இருந்த காற்றாடிக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, ரேம் என்கிறார்களே, நடுவிரல் நீளத்தில் பச்சையாக ஒரு பட்டை, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஒன்று. சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஏய், உள்ளாற எதுக்குடி? நாளைக்கு எவனாவது பாத்தா சிரிப்பான்."

"வேல செய்யறது உள்ள இருக்கறதுதானுங்க. மூடியா கொல்லைய வரையுது?"

அவனும் சிரித்துக்கொண்டே மூடி போட்டுத் திருகினான்.

தீபாவளி முடிந்த செவ்வாய்க்கிழமை முருகையன் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். திண்டிவனத்தில் புதுக் கிளை வருகிறது. வரைபடப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி. டிசம்பரில் சென்னையிலிருந்து அதிகாரி வருவார், அவர் எதிரில் ஏழு ஏக்கர் கொல்லை ஒன்றை முழுசாக வரைந்து காட்டவேண்டும். "எனக்குத் தெரிஞ்சு அது நீதாம்மா" என்று தேவயானியைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். கோதண்டபாணி என்று ஒருத்தன் போன வருஷம் சேர்ந்தவன், அவனும் போட்டிக்கு உண்டு. அவனுக்கு வரையக் கற்றுக்கொடுத்ததே தேவயானிதான்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். "தெனம் பஸ்சுதான். ஒரு மணி நேரம். போவட்டுங்களா?"

"போயேன். நல்லதுதானே" என்றான். மறுநாள் சாயங்காலம், "லேப்டாப்ப குடு, ஒருவாட்டி க்ளீன் பண்ணித் தர்றேன். பெரிய பதவிக்குப் போற" என்று அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். எந்தப் புருஷன் இப்படிக் கேட்பான் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. கொளஞ்சியிடம்கூடச் சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த முதல் நீலம்.

அப்புறம் நின்ற பாடில்லை. அரை ஏக்கர் கத்தரித் தோட்டம் என்றால் பேசாமல் வரையும். மூன்று ஏக்கரைத் தாண்டி, கோடும் வால்வும் கூடக் கூட, திடீரென்று நீலம். வரைந்தது எல்லாம் போயிற்று. முகையூரில் ஒரு பெரியவர், "இன்னாம்மா, எங் கொல்லையில ஏரித் தண்ணி பூந்துடுச்சா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஒவ்வொரு முறையும் புருஷனிடம் கொண்டுபோனாள். அவனும் ஒவ்வொரு முறையும் கழற்றினான். முதலில் வைரஸ் என்றான், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டான். நாலு நாள் கழித்து நீலம். அப்புறம் சூடு என்றான், உள்ளே ஏதோ பசை தடவினான். நீலம். கெடார் பக்கம் வோல்டேஜ் சரியில்லை என்றான்; அவள் சார்ஜர் போடாமலே ஓட்டிப் பார்த்தாள். நீலம். ஸ்கூட்டி குலுக்கல் என்றான். பைக்குள் பழைய போர்வையை நாலாக மடித்து வைத்து, பிள்ளையைத் தூக்கிப்போவதுபோல மடியில் வைத்து பஸ்ஸில் போனாள். அப்படியும் நீலம்.

"பேஜாரா கீதுங்க. பேசாம மெட்ராசுக்கு அனுப்பிடட்டா?"

வெற்றிச்செல்வன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "அனுப்பு. எம் பொண்டாட்டி சிஸ்டத்த எனக்குப் பாக்கத் தெரியலன்னு ஊரு பூரா சொல்லு."

அவள் அனுப்பவில்லை. அனுப்பியிருக்கலாம். முருகையன் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அதே பல்லவி, "எங்க ஊட்டுக்காரரு பாக்காத..." மூன்றாம் தடவை அவர் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் கடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெற்றிச்செல்வன் அவளைக் கூப்பிட்டான். காற்றாடியின்மேல் இருந்த பொட்டைக் காட்டினான்.

"பாத்தியா? நீ வெச்சதுதான். குங்குமம் காஞ்சி உதிர்ந்து, உள்ளாறல்லாம் பூந்து கீது. அதான் சிஸ்டம் தெணறுது. அப்பவே சொன்னேன், கேட்டியா?"

தேவயானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வாரமாக ஊரையும் கரண்டையும் ரோட்டையும் திட்டிக்கொண்டிருந்தவள், கடைசியில் தன் கையே என்று தெரிந்ததும் ஒடுங்கிப் போனாள். பல் விளக்கும் பிரஷ் ஒன்றை வாங்கி வந்து, அவன் காட்டிய இடத்தையெல்லாம் அவளே உட்கார்ந்து தேய்த்தாள். உதிர்ந்த தூள் போயிற்று, பொட்டுகளின் கறை போகவில்லை. மறுநாள் முருகையனிடம் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஆயுத பூஜையன்று தான் உள்பாகங்களில் பொட்டு வைத்ததால் லேப்டாப் பழுதாகிவிட்டது, தவறு தன்னுடையது, மன்னிக்கவேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு, மேலே அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்து, மேலேயே அனுப்பினார்.

டிசம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் அந்தப் பரீட்சை. சென்னை அதிகாரி, முருகையன், குழாய் வியாபாரிகள் ஏழெட்டுப் பேர். அதிகாரி அவளுடைய பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதானா அந்தப் பொட்டு வெச்ச லேப்டாப்பு?"

"ஆமாங்க" என்றாள் தேவயானி. எல்லாரும் சிரித்தார்கள். கோதண்டபாணி மட்டும் குனிந்துகொண்டான். அவள் கற்றுக்கொடுத்த பையன் அல்லவா.

ஏழு ஏக்கரில் நாலு வால்வு வரைக்கும் வந்துவிட்டாள். வியாபாரிகள்கூட நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஐந்தாவது வால்வை வைத்தாள், நீலம். மறுபடி போட்டாள். இந்தமுறை மூன்றாவது வால்வில். அப்புறம் திரை எழவே இல்லை, கறுப்பாகவே கிடந்தது. கோதண்டபாணி மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் தப்பாகப் போட்டு அழித்து, எப்படியோ வரைந்து முடித்தான். அவன் லேப்டாப் செப்டம்பரில்தான் சென்னை போய்த் திரும்பியிருந்தது. பதவி அவனுக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

முருகையன் அவளை ஓரமாக அழைத்து, "ஒன்ன சொல்லிக் குத்தமில்லம்மா. கையி ஓடுது, மெஷினு ஓடமாட்டேங்குது" என்றார். "முகையூர் வரைபடம் உள்ளதானே கீது? அது இன்னிக்கே மெயில்ல போவணும். இங்கியே எங்கியாவது காட்டி எடுத்துக்குடு."

புருஷனுக்குப் போன் போட்டாள்.

"கெடைக்கலங்க" என்றாள்.

அந்தப் பக்கம் வெற்றிச்செல்வன் சொன்னான், "சரி, வுடு. எடுத்துக்கினு வந்துடு, நான் பாக்கறேன். வேற எவங்கிட்டயும் குடுக்காத."

முகையூர் வரைபடம் மட்டும் இல்லையென்றால் அந்தச் சொல்லையும் கேட்டிருப்பாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் மாடியில் சகாயராஜ் என்பவரின் சர்வீஸ் கடை. ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் மாதா படம். அடிமூடியைக் கழற்றியவர் விசில் அடித்தார்.

"இன்னாம்மா, உள்ளாற பூரா கோயில் மாதிரி கீது!"

"பூசைக்கி வெச்சதுங்க. அதனாலதான் கெட்டுப் பூடுச்சு."

"யாரு சொன்னது? பொட்டுக்குக் கெடாதும்மா இது. எங்கிட்ட வர்ற மெஷினுக்குள்ள எறும்புப் புத்தே இருக்கும், ஓடிக்கினுதான் இருக்கும்." ரேமைக் கழற்றி மாட்டி, கறுத்த திரையை எழுப்பி, ஏதோ ஒரு சோதனையை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார். இருபது நிமிஷம் கழித்து வந்தபோது திரையில் வரிவரியாகச் சிவப்பு.

"ரேம் அவுட்டு" என்று அந்தப் பச்சைப் பட்டையை நெம்பி எடுத்தார். "சின்ன வேலைக்கித் தாங்கும். பெருசா எதுனா போட்டா வுழுந்துடும். ஆமா, காத்தாடிக்கி இருக்குது, ஹார்ட் டிஸ்க்குக்கு இருக்குது, இதுக்கு மட்டும் பொட்டு காணமே? பாவம், இது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"இல்லீங்களே, அதுக்கும் வெச்சேனே. அந்தச் சீட்டு மேலியே வெச்சேன்."

சகாயராஜ் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டில் கறை இல்லை. விளக்குக்கு நேராகப் பிடித்தார். "அப்டின்னா இது ஒங்களுது இல்லம்மா. எவனோ நல்லத உருவிக்கினு செத்ததச் சொருகியிருக்கான். யாருகிட்ட சர்வீசுக்குக் குடுத்தீங்க?"

"விழுப்புரத்துல... ஒரு கடைங்க."

"கடை பேரு சொல்லுங்க, நான் போன் பண்ணிக் கேக்கறேன். தொழில் பண்றவன் பண்ற வேலையா இது?"

"வேணாங்க" என்றாள் தேவயானி. "தெரிஞ்சவருதான்."

அவர் தன்னிடமிருந்த பழைய ரேம் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். லேப்டாப் ஒரு முனகல் இல்லாமல் எழுந்தது. முகையூர் வரைபடத்தை அங்கேயே உட்கார்ந்து அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் அவள் மனசு என்னென்ன கணக்குப் போட்டது என்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடையில் வியாபாரம் மந்தம். எவனாவது கஸ்டமர் அவசரம் என்று நின்றிருப்பான். கைவசம் ரேம் இருந்திருக்காது. பொண்டாட்டியுடையதுதானே, அப்புறம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று வித்திருப்பான். அப்புறம் சொல்ல வெட்கப்பட்டிருப்பான். பொட்டின் மேல் பழி போட்டது தப்புதான், ஆனால் மாட்டிக்கொண்டவன் வேறென்ன சொல்லுவான்? விக்கிரவாண்டி வருவதற்குள் அவனை மன்னித்தும் விட்டாள். எப்படிக் கேட்டால் அவனுக்கு அவமானமாக இருக்காது என்பது வரைக்கும் யோசித்து வைத்துக்கொண்டாள்.

கடையில் வெற்றிச்செல்வன் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பிரிண்டரின் சொந்தக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா? வெள்ளிக்கெழம, கற்பூரம் ஏத்திடு. பையைக் குடு, நான் பாக்கறேன்."

பையைக் கொடுக்காமலே சாமி படத்தடிக்குப் போனாள். கற்பூர டப்பா காலி. புதுப் பொட்டலம் படத்துக்குப் பின்னால் இருக்கும் என்று கையை விட்டாள். தேதி கிழிக்கும் காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலம் வந்தது. விபூதியோ என்று பிரித்தாள்.

பச்சைப் பட்டை. சீட்டின்மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு பொருக்குக்கூட உதிரவில்லை.

தாளில் தேதி இருந்தது. நவம்பர் 6, புதன்கிழமை. க்ளீன் பண்ணித் தர்றேன் என்று அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போன நாள்.

அவள் திரும்பினாள். வெற்றிச்செல்வன் அவள் கையைப் பார்த்தான். ஸ்க்ரூடிரைவர் பிரிண்டருக்குள் விழுந்து உருண்டது.

"விக்கலியா?" என்றாள்.

"இன்னாது?"

"இத நீ விக்கலியா?"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவனை அவள் 'நீ' என்று சொன்னது அன்றைக்குத்தான். ஸ்டூலில் இருந்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

"நான் எதுக்குடி விக்கறேன்? ஒம் பொருளு. பத்தரமாத்தான் வெச்சிருக்கேன். ஜனவரி தாண்டனதும் மறுபடி போட்டுக் குடுத்துடலாம்னு..." அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் நிறுத்தவேண்டிய இடம் தாண்டிவிட்டிருந்தது.

"ஒவ்வொரு தபாவும் கழட்டிக் கழட்டிப் பாத்தியே. இன்னாத்தப் பாத்த?"

"தெனம் திண்டிவனம் போய்க்கினு வந்துக்கினு... நீ ராத்திரி ஊட்டுக்கு வர்ற நேரம் இன்னா? டீக்கடையில என்ன எப்டிக் கூப்புடறானுங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"போயேன், நல்லதுதானேன்னு சொன்னியே."

"சொன்னேன்தான்."

"போவாதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பேனே."

தேவயானி பட்டையை விரலால் தடவினாள். "நான் பிரசுல தேச்சேனே. எந் தப்புன்னு எழுதிக்குடுத்தேனே. அந்த ஆளு எல்லாரு எதுர்லயும் பொட்டு வெச்ச லேப்டாப்பான்னு கேட்டப்பகூட, ஆமாங்கன்னு நின்னேனே."

"தூக்கிப் போடல பாரு" என்றான் வெற்றிச்செல்வன் அவசரமாக, ஏதோ நல்ல சாட்சி கிடைத்துவிட்டதுபோல. "நீ பொட்டு வெச்சது. தூக்கிப் போட மனசு வரல. அதான் சாமிகிட்ட வெச்சேன்."

அவள் காலண்டர் தாளைக் கசக்கி மேசைமேல் வைத்தாள். "பஸ்சுலயே ஒன்ன மன்னிச்சுட்டேன். வித்துத் தின்னுட்டேன்னு நெனச்சுக்கினு."

பிரிண்டர்க்காரன் பிரிண்டரை விட்டுவிட்டே நழுவினான். அவன் கொளஞ்சியின் தம்பி. அதற்குமேல் சொல்லவேண்டுமா? ஏழு மணிக்குத் தெருவுக்கே தெரியும். டீக்கடையில் அன்றிலிருந்து வெற்றிச்செல்வனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீயை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்று கேள்வி.

தேவயானி அந்தப் பட்டையை அவனுடைய ஸ்க்ரூடிரைவராலேயே தன் லேப்டாப்பில் மாட்டினாள். அவன் மாட்டுவதை எட்டு வருஷம் பார்த்திருக்கிறாள், தெரியாதா? அந்தக் கடை மேசையிலேயே உட்கார்ந்து, அந்த ஏழு ஏக்கரை முதலிலிருந்து வரைந்தாள். ஒன்பது வால்வு. நீலம் வரவில்லை. வரைந்து முடித்து, யாருக்கும் அனுப்பத் தேவையில்லாத அந்தப் படத்தைச் சேமித்து மூடினாள்.

அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதமும் எழுதினாள். பொட்டினால் பழுதில்லை, ரேம் பழுது, இப்போது சரியாகிவிட்டது. யார் மாற்றினார் என்று முருகையன் கேட்டார். "தெரியலிங்க சார்" என்றாள். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதிலிருந்தே அவருக்குத் தெரிந்துபோயிற்று. பதவி திரும்பி வரவில்லை. வால்வு கணக்கு இடிக்கிறது என்று கோதண்டபாணி வாரத்துக்கு இரண்டு தடவை திண்டிவனத்திலிருந்து போன் பண்ணுகிறான், அவளும் சொல்லித் தருகிறாள்.

வீட்டில் சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. கொளஞ்சியின் ஜன்னலுக்கு இப்போது காற்று மட்டும்தான் வருகிறது. அவளே அலுத்துக்கொள்கிறாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு தேவயானி வருவாளா மாட்டாளா என்று பாண்டி ரோடே பார்த்துக்கொண்டிருந்தது. வந்தாள். சந்தனம் கரைத்தாள். ஸ்க்ரூடிரைவர், ஊதும் மெஷின், சால்டரிங் கம்பி, கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் வழக்கம்போல வைத்தாள். வெற்றிச்செல்வனுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அவள் தோளில் மாட்டியிருந்த பைக்குக் கையை நீட்டினான்.

"குடு, தூசி தட்டித் தர்றேன்."

தேவயானி கையைத் துடைத்துக்கொண்டு, பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாங்க. திண்டிவனத்துல சகாயராஜ் அண்ணன் கடையில தட்டிக்கறேன். பஸ்சுக்கு நேரமாவுது."

நாற்பது கிலோமீட்டர். ஒரு சிட்டிகைத் தூசிக்கு.